கடலுக்குக் காவல் யார்?

போர்னியோக் கடலில் சிப்படான் என்னும் தீவுக்குப் போய், அங்கே நீருக்கடியில் இருக்கும் பவளச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, 2024-ஆம் வருஷக் கடைசியில் ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினேன். அதில் பாதி மீன்களைப் பற்றியது; மீதி என்னுடைய பயத்தைப் பற்றியது. படித்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒரே ஓர் அன்பர் மட்டும் சந்தோஷத்தோடு நிற்காமல் யோசனையும் சொல்லி எழுதியிருந்தார். அவருடைய கடிதத்தின் சாரம் இது:

"அந்த அழகு இன்னமும் பிழைத்திருக்கிறது என்றால், மீன்பிடிக்கிற கூட்டத்தை அந்தப் பக்கம் அண்டவிடாமல் வைத்திருப்பதுதான் காரணம். பணம் கொடுத்துப் பார்க்க வருகிறவனை விட்டால் கடல் பிழைக்கும். பசிக்காக இறங்குகிறவனை விட்டால் கடல் செத்துப் போகும். நம்முடைய மன்னார் வளைகுடாவிலும் இப்படிச் செய்யவேண்டும். உங்களைப் போன்றவர்கள் இதை எடுத்து எழுதவேண்டும்."

எழுதுகிறேன். ஆனால் அன்பர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக எழுதுகிறேன். அதற்காக அவர் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மறுத்து எழுதினால் போதும்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி அல்ல. கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்டு கதை எழுத வந்தவன். முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு நாவல் எழுதப் புறப்பட்டேன். மூன்று அத்தியாயம் எழுதிய பிறகு, தண்ணீருக்குள் தலையை முக்காதவன் முக்குளிப்பவனைப் பற்றி எழுதுவது மோசடி என்று பட்டது. நாற்பத்திரண்டாவது வயதில் புதுச்சேரிக்குப் போய், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொண்டேன். நாவல் இன்னும் முடியவில்லை. இந்தப் பைத்தியம் மட்டும் பிடித்துக்கொண்டது. அதுதான் என்னைச் சிப்படான் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று.

சிப்படான் மலேசியாவின் சபா மாநிலத்தைச் சேர்ந்தது. மொத்த நிலம் சுமார் 30 ஏக்கர். திருவண்ணாமலைக் கோயிலைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். அணைந்துபோன எரிமலை ஒன்றின் தலையில் பவளப் பூச்சிகள் கட்டிய தீவு அது. கடலின் அடித்தளத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூணை எழுப்பி, அதன் உச்சியில் கொஞ்சம் காட்டையும் வெள்ளை மணலையும் வைத்தாற்போல் நிற்கிறது. கரையிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் போனால் வெளிர்ப்பச்சையாக இருந்த நீர் ஒரே கோட்டில் கருநீலமாக மாறுகிறது. அந்தக் கோட்டில் தரை முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே சுவர்.

மலை உச்சியில் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்த விளிம்பிலிருந்து ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தும் விழாமல் அந்தரத்தில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும் சுவர். மறுபக்கம் ஒன்றுமே இல்லாத நீலம். காலுக்குக் கீழேயும் நீலம். சுவரில் ஒரு சாண் இடம்கூடக் காலியில்லை. விசிறி போல் விரிந்த பவளங்கள் நீரோட்டத்துக்குக் குறுக்கே வலை கட்டினாற்போல் நின்று, ஓடிவரும் நுண்ணுயிர்களைச் சலித்து உண்கின்றன. பொந்துகளில் ஆமைகள் தூங்குகின்றன. ஆயிரக்கணக்கான ஷீலா மீன்கள் ஒரு சுழற்காற்றைப் போல் வட்டமிட்டு மேலே எழும்புகின்றன. அந்த வட்டத்துக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து நிமிஷங்களை நான் சாகும் வரைக்கும் மறக்கப் போவதில்லை.

ஆனால் அந்தச் சுவரை நான் 'பார்த்தேன்' என்று சொல்வதே கொஞ்சம் அகம்பாவம்தான். என்னைப் போன்றவர்களுக்கு விதித்திருக்கும் எல்லை 30 மீட்டர். மிஞ்சிப் போனால் 40. 600 மீட்டரில் 30 என்பது ஆனையின் காதைத் தொட்டவன் கணக்கு. அந்த முப்பதுக்கே உடம்பு பாடாய்ப் படுகிறது. பத்து மீட்டருக்கு ஒரு காற்றுமண்டல அழுத்தம் வீதம் கூடிக்கொண்டே போக, முப்பதாவது மீட்டரில் தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறோம். சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதிலுள்ள நைட்ரஜன் ஆழத்தில் ரத்தத்தில் கரைகிறது. மூளைக்குக் கள் குடித்த மயக்கத்தைக் கொடுக்கிறது. அவசரமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதையாக உடம்புக்குள் குமிழி விட்டு ஆளை முடமாக்கும், கொல்லவும் செய்யும். இதற்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி. ஆடுகளை இரும்பு அறையில் அடைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்து 1908-இல் அவர் வெளியிட்ட அட்டவணையின் பேரப்பிள்ளைதான் இன்று எங்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் சிறு கணிப்பொறி. ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நில் என்று அது சொல்கிறது, நிற்கிறோம். எத்தனையோ பேருடைய மூளையும், எத்தனையோ ஆடுகளின் உயிரும் சேர்ந்துதான் என்னை அந்தச் சுவரின் முன்னால் நாற்பத்தைந்து நிமிஷம் நிறுத்தி வைத்திருக்கின்றன. இதில் என் வீரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள், பதினெட்டு மீட்டர் ஆழத்தில், ஒரு பொந்துக்குள் படுத்திருந்த ஆமையை நெருங்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளியது. சமாளிக்கக் காலை உதைத்தேன். காலில் மாட்டியிருந்த துடுப்பு சுவரில் பட்டது. என் பேனா நீளத்துக்கு ஒரு பவளக் கிளை முறிந்து, சுழன்று சுழன்று, கீழே நீலத்துக்குள் போய் மறைந்தது. அந்தக் கிளை அவ்வளவு வளர்வதற்கு ஒன்றிரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். அதன் பக்கத்தில் இருந்த உருண்டைப் பவளத்தை உடைத்திருந்தேனானால், அதன் கணக்கே வேறு; அந்த ஜாதி வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது.

எங்களோடு வந்த டைவ் மாஸ்டர் அதைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். படகில் ஏறிய பிறகு, "எல்லோருக்கும் நடக்கிறதுதான்" என்று சிரித்தார். யாரும் என் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. அபராதம் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டே அஸ்தமனத்தை ரசித்தேன்.

சிப்படானில் இரவு தங்க முடியாது. அங்கே இருந்த விடுதிகளை 2004-ஆம் வருஷ முடிவில் அரசாங்கம் காலி செய்ய வைத்தது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று முதலில் 120 என நிர்ணயித்தது. அந்த எண்ணிக்கை பின்னால் உயர்ந்தது என்பது வேறு விஷயம். நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆகவே நாங்கள் தங்கியது பக்கத்திலுள்ள மாபுல் தீவில். அங்கே விடுதிகளுக்கு ஒட்டினாற்போல், கடலுக்குள் மூங்கிலும் மரமும் நட்டுக் கட்டிய குடிசைகள். அவற்றில் இருப்பவர்களில் பலர் பஜாவ் லாவுட் என்னும் ஜனங்கள்.

இவர்கள் கடலோடிகள். 'லேப்பா' என்ற படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, படகிலேயே பிள்ளை பெற்று வாழ்ந்த கூட்டம். பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா என்று மூன்று தேசங்கள் பின்னால் வந்து கடலில் கோடு கிழித்தன. கோடுகளுக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்த இவர்களில் பலருக்கு மூன்று தேசத்திலும் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவனின் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். போலீஸைக் கண்டால் ஓட்டம்.

ஒரு நாள் மத்தியானம் படகுத்துறையில் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் டார்ச் விளக்கு கை நழுவிக் கடலில் விழுந்தது. விலை உயர்ந்த விளக்கு. ஆழம் எட்டு மீட்டருக்குக் குறையாது. அவர் சிலிண்டர் எங்கே, சட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் படகில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், பத்து வயசு இருக்கும், மரத்தில் குடைந்து கண்ணாடித் துண்டு பதித்த ஒரு மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்குள் வழுக்கினான். துடுப்பு இல்லை, கயிறு இல்லை. அடித்தளத்தில் சாவகாசமாக நடப்பது போல் நாலு எட்டு வைத்தான். விளக்கை எடுத்துக்கொண்டு, அங்கே கிடந்த ஒரு சிப்பியையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மேலே வந்தான். மூச்சுகூட வாங்கவில்லை. விளக்குக்காரர் சட்டைப் பையில் கையை விட்டார். விடுதிச் சிப்பந்தி ஒருவர் குறுக்கிட்டு, "காசு கொடுத்துப் பழக்காதீர்கள், ஸார். அப்புறம் படகை விட்டுப் போகமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் பையனை விரட்டினார்.

நாங்கள் எல்லோரும் சும்மா நின்றோம். நானும்தான்.

2018-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. சுலவேசித் தீவில் வாழும் பஜாவ் மக்களுடைய மண்ணீரல், பக்கத்தில் தரையில் வாழும் சலுவான் மக்களுடையதைவிடச் சுமார் ஐம்பது சதவிகிதம் பெரிதாக இருக்கிறதாம். மூச்சடக்கி மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, பிராணவாயு நிறைந்த ரத்தத்தை உடம்புக்குப் பிழிந்து கொடுக்கிறது. முக்குளிக்கும் தொழிலை விட்டுவிட்ட பஜாவ்களுக்கும் அப்படியே பெரிதாக இருக்கிறது. அதாவது இது ஒருவனுடைய பழக்கமல்ல, பரம்பரை. தலைமுறை தலைமுறையாகக் கடல் அந்த ஜனங்களின் வயிற்றுக்குள் கை விட்டு ஓர் உறுப்பையே மாற்றி அமைத்திருக்கிறது. நமக்கு ஒரு காகிதச் சான்றிதழ் கொடுத்துக் கடலுக்குள் அனுமதிக்கிறார்கள். அந்தப் பையனுக்குக் கடல் விலா எலும்புக்கடியில் சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறது. படித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இந்த இடத்தில் அன்பர் குறுக்கிடுவார்: "கவிதை வேண்டாம். அந்த ஜனங்கள் வெடி போட்டு மீன் பிடிக்கிறார்களா, இல்லையா?"

போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறைக்க மாட்டேன், ஏனென்றால் என் காதாலேயே கேட்டேன். மாபுலுக்குப் பக்கத்தில் நீருக்குள் இருந்தபோது, தொலைவில் யாரோ ஒரு பெரிய கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம். மார்புக்கூட்டில் வந்து இடித்தது. பாட்டிலில் உரத்தையும் மண்ணெண்ணெயையும் அடைத்துத் திரி வைத்து எறிகிறார்கள். ஒரு பாட்டில், மீனோடு மீன் குஞ்சையும், குஞ்சு குடியிருக்கும் பவளத்தையும் பொடியாக்கிவிடுகிறது. பாட்டிலைக் கையிலேயே வெடிக்க விட்டுக் கையை இழந்தவர்களும் உண்டு. இது பாவம் மட்டுமல்ல, மடத்தனமும்கூட. இதைத் தடுக்கவேண்டும். சயனைடு விஷத்தைப் பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கிறார்களே, அதையும் தடுக்கவேண்டும். இதில் எனக்கும் அன்பருக்கும் அபிப்பிராய பேதமே கிடையாது.

ஆனால் தண்ணீருக்குள் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்துவிடுவதால், சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காதால் சொல்ல முடியாது. அன்று எனக்கும் சொல்ல முடியவில்லை. கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மட்டும் எப்படியோ திசை உடனே தெரிந்துவிடுகிறது: குடிசைப் பக்கம்!

நான் வேறு திசைகளையும் காட்டுகிறேன். விஷம் வைத்து உயிரோடு பிடித்த மீன் குடிசையில் வேகவில்லை. அது ஹாங்காங் உணவுச்சாலையில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்துகிறது. விரலை நீட்டி 'இது' என்று காட்டுகிறவர் நல்ல துணி உடுத்தியவர். மீனுக்கு வெடி வைக்கும் வித்தை இந்தக் கடல்களில் பரவியது இரண்டாவது உலக யுத்தம் மிச்சம் விட்டுப்போன வெடிமருந்தால். யுத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் பஜாவ்கள் அல்ல.

இன்னும் ஒன்று. என்னைப் போன்ற சிலிண்டர்க்காரர்களுக்கு ஆதி குரு ஒருவர் இருக்கிறார்: ழாக் கூஸ்தோ. 1943-இல் கன்யான் என்ற எஞ்சினீயரோடு சேர்ந்து, இன்று நாங்கள் வாயில் கவ்விக்கொள்ளும் கருவிக்கு மூலமானதைச் செய்தவர். அவருடைய 'மௌன உலகம்' என்ற படத்துக்கு 1956-இல் கான் திரைப்பட விழாவில் உச்சப் பரிசு கிடைத்தது. அந்தப் படத்தில், ஒரு பவளத் திட்டில் எத்தனை மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்க வெடி வைக்கிறார்கள்! செத்து மிதக்கும் மீன்களைப் பொறுக்கி மணலில் வரிசையாக அடுக்குகிறார்கள். இன்னோர் இடத்தில், கப்பலின் விசிறியில் அடிபட்ட ஒரு திமிங்கிலக் குட்டியைச் சுறாக்கள் தின்ன வந்ததற்காக, ஆத்திரம் தாங்காமல் சுறாக்களைக் கப்பலில் இழுத்துப் போட்டுக் கோடாலியால் அடித்துக் கொல்கிறார்கள். கூஸ்தோ பிற்காலத்தில் மனம் மாறி, கடலைக் காப்பதற்காக உலகமெல்லாம் போய்ப் பேசினார். 1989-இல் வந்த அவருடைய படம்தான் சிப்படானுக்கே உலகப் புகழ் தேடித் தந்தது. நான் அவரை வணங்குகிறேன். என் கேள்வி இதுதான்: விஞ்ஞானத்துக்காக வெடி வைத்தவருக்கு மனம் மாற அவகாசம் கொடுத்து, மாறியதும் மகான் என்றோம். சோற்றுக்காக வெடி வைத்தவனுக்கு அவகாசம் எங்கே?

ஒரு தீவு யாருக்குச் சொந்தம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? சிப்படானுக்காக மலேசியாவும் இந்தோனேசியாவும் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடின. 2002 டிசம்பர் 17-இல் தீர்ப்பு. பதினாறு நீதிபதிகள் மலேசியாவின் பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். எந்த ஆதாரத்தின் பேரில்? பழைய உடன்படிக்கைகள் உதவவில்லை. அந்தப் பகுதியை ஆண்ட பிரிட்டிஷ்காரர்கள், அங்கே ஆமை முட்டை சேகரிப்பதை 1917-லேயே சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தினார்கள். 1933-இல் சிப்படானைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அவர்கள் வழியாக வந்த ஆட்சி இதையெல்லாம் செய்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆகவே தீவு மலேசியாவுக்கு.

இதை வாசகர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டும். ஆமை முட்டை பொறுக்கியவர்கள் யார்? சுற்றுப்புறத் தீவுகளில் வாழ்ந்த கடல் ஜனங்கள். அவர்கள் அந்தத் தீவைப் பயன்படுத்தினார்கள் என்பதால்தான் அதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டம் இருந்ததால்தான் ஒரு தேசத்துக்கு உரிமை கிடைத்தது. அவர்கள் பொறுக்கிய முட்டை, அரசாங்கத்துக்குப் பட்டா ஆயிற்று, பொறுக்கியவர்களுக்கு ஆகவில்லை. வழக்கில் சாட்சி சொல்ல மட்டும் அவர்களுடைய வாழ்க்கை வேண்டியிருந்தது.

செம்போர்ணா என்னும் ஊர்தான் அந்தக் கடலுக்கு வாசற்படி. அங்கே 1994 முதல் ஒரு திருவிழா நடத்துகிறார்கள். பஜாவ்களுடைய லேப்பாப் படகுகளைப் பல வண்ணப் பாய் கட்டி அலங்கரித்து, ஆட்டமும் பாட்டுமாக ஊர்வலம் விடுகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். 2024-இல் நான் அங்கே போனதும் அந்த ஏப்ரல் மாதத்தில்தான். நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகவில்லை. ஜூன் மாதத்தில், அதே செம்போர்ணாக் கடலிலுள்ள தூன் சக்காரான் கடல் பூங்காவின் தீவுகளில் பஜாவ் லாவுட் குடிசைகளை அதிகாரிகள் இடித்தார்கள். சில தீ வைக்கப்பட்டன என்றும், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள் என்றும் மனித உரிமைக்காரர்கள் சொன்னார்கள். அனுமதியில்லாத கட்டடம் என்றும், எல்லைப் பாதுகாப்பு என்றும் அரசு தரப்பில் சொன்னார்கள். பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். 2000-ஆம் வருஷம் ஏப்ரல் 23-இல் சிப்படானிலேயே ஆயுதம் தாங்கிய கும்பல் இறங்கி, விருந்தாளிகளும் சிப்பந்திகளுமாக இருபத்தொரு பேரைக் கடத்திக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் ஒரு கொள்ளைக்காரன் கடல் வழியாக வந்தான் என்பதற்காகக் கடலில் குடியிருப்பவன் வீட்டை இடிப்பது, திருடன் தெருவழியாக வந்தான் என்பதற்காகத் தெருவில் உள்ள குடிசைகளைப் பிய்த்து எறிவதுபோல அல்லவா?

படகு, வர்ணப் பாய், ஆட்டம் இவை வேண்டும். படகுக்காரன் வேண்டாம்! அவன் கலை திருவிழாவுக்கு; அவன் கடல் விருந்தாளிக்கு; அவன் மட்டும் எங்கேயாவது போய்த் தொலையவேண்டும்.

பவளத்துக்கு உண்மையான சத்துரு யார் என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. பவளப் பூச்சியின் உடம்புக்குள் ஒரு நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்துச் சோறு போடுகிறது. கடல் நீரின் சூடு வழக்கத்துக்கு மேல் ஒரு டிகிரி உயர்ந்து சில வாரம் நீடித்தால் பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது, பவளம் எலும்பாய் வெளுக்கிறது, நீடித்தால் சாகிறது. 1998, 2010, 2014 முதல் 2017 என்று உலகம் தழுவிய வெளுப்பு மூன்று முறை வந்தது. நான்காவது வெளுப்பு வந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் அறிவித்ததும் 2024 ஏப்ரலில்தான். கடலைச் சூடாக்கியது துடுப்புப் போடும் படகா? நான் சென்னையிலிருந்து அந்தச் சுவரைப் பார்க்க மூன்று விமானம் மாறிப் போனேன். விசைப்படகில் போனேன். விடுதியில் குளிர்சாதன அறையில் தூங்கினேன். கணக்குப் பார்த்தால் அந்தச் சுவரின் வெளுப்பில் எனக்குப் பங்கு உண்டு; மரக்கண்ணாடிப் பையனுக்கு அநேகமாக இல்லை. 2006 மே மாதத்தில் சிப்படானில் ஒரு கட்டட வேலைக்காகச் சாமான் ஏற்றிவந்த பெரிய மிதவை ஒன்று பவளத்தில் ஏறி நசுக்கியதே, அதையும் எந்தப் பஜாவும் ஓட்டிவரவில்லை.

"சரி, கடலை அவர்களிடமே விட்டுவிட்டால் காப்பாற்றிவிடுவார்களா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பதில் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. அங்கே ஆபோ என்று ஒரு சின்னத் தீவு. ஆங்கெல் அல்காலா என்ற உயிரியல் பேராசிரியர் மீனவர்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். 1982-இல் அந்த ஜனங்கள், தங்கள் தீவைச் சுற்றியுள்ள பவளத்தில் ஒரு துண்டைத் தாங்களே ஒதுக்கி, 'இங்கே நாங்கள் வலை போடமாட்டோம்' என்று ஒப்புக்கொண்டார்கள். காவலுக்கும் அவர்களே நின்றார்கள். ஒதுக்கிய துண்டில் மீன் பெருகி, வெளியிலும் பரவியது. வருஷங்கள் போக, சிலிண்டர் கட்டியவர்களும் வந்தார்கள், கட்டணம் கொடுத்தார்கள். அங்கே விருந்தாளி விருந்தாளியாக இருக்கிறான். வீட்டுக்காரன் வீட்டுக்காரனாக இருக்கிறான். அல்காலாவுக்கு 1992-இல் மக்ஸேஸே விருது கொடுத்தார்கள். வெடி போடுகிறவனைப் பிடிக்கப் படகும் துப்பாக்கியும் போதும். அவனே பாட்டிலைக் கீழே வைக்கும்படி செய்ய, அந்தக் கடல் நாளைக்கும் தன்னுடையது என்ற நம்பிக்கை அவனுக்கு வேண்டும். நாளைக்கு விரட்டப்படப் போகிறவன் இன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளத்தான் பார்ப்பான். நீங்களும் நானும் அவன் இடத்தில் இருந்தால் வேறு என்ன செய்வோம்?

இப்போது அன்பர் சொன்ன மன்னார் வளைகுடாவுக்கு வருகிறேன். அங்கே சிப்படானைப் போலச் சுவர் கிடையாது. ஆழமில்லாத கடலில் தீவுகளைச் சுற்றிய பவளப் பார்கள். 1986-இல் 21 தீவுகளையும் சுற்றுக் கடலையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டி எடுத்தது ஒரு பெரிய காரணம். வெட்டியவர்கள் கூலிக்கு வெட்டிய கடற்கரை ஏழைகள், வாஸ்தவம். சுண்ணாம்பு போனது யார் வீட்டுச் சுவருக்கு, எந்த ஆலைக்கு? அந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் நாம் இப்போது பவளத்தைக் காப்பது பற்றிக் கடிதம் எழுதுகிறோம்.

அதே கடலில் ராமநாதபுரம் ஜில்லாப் பெண்கள், புடவைக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். அவர்களையும் தீவுப் பக்கம் வரக்கூடாது என்று விரட்டினார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அனுமதிக்கு எண்ணிக்கை வைக்கும் புத்தி அரசாங்கத்துக்கும் நிபுணர்களுக்கும்தான் உண்டு என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அன்பருக்கு நான் சொல்வது இவ்வளவே. வெடி, விஷம், கண்மண் தெரியாத இழுவலை, எல்லாவற்றையும் தடை செய்யுங்கள்; நானும் உங்களோடு வந்து கையெழுத்துப் போடுகிறேன். சில இடங்களை யாருமே தொடக்கூடாது என்று ஒதுக்குங்கள்; அதற்கும் சம்மதம். ஆனால் 'யாருமே' என்றால் நானும் அதில் அடக்கம். துடுப்பால் முறித்தவனுக்கும் வலையால் முறித்தவனுக்கும் ஒரே சட்டம் வேண்டும். கோட்டை எங்கே கிழிப்பது என்று முடிவு செய்கிற பாயில், அந்தக் கடலில் மூழ்கி எழுந்தவர்களுக்கு முதல் இடம் வேண்டும். பத்திரம் இல்லாதவர்கள் என்றால் பத்திரத்தைக் கொடுங்கள். வீட்டை இடித்துவிட்டுச் சுவரைக் காப்பாற்றினேன் என்று சொல்லாதீர்கள்.

எங்கள் சிலிண்டர்க் கூட்டத்தில் ஒரு விதி உண்டு: தனியாக இறங்கக்கூடாது. பக்கத்தில் ஒரு துணை வேண்டும். அவன் காற்று தீர்ந்தால் உன் காற்றைக் கொடு. உன் காற்று தீர்ந்தால் அவனிடம் வாங்கிக்கொள். நம்முடைய முத்துக்குளிப்பில் இந்த விதி இன்னும் பழையது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன், படகில் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் வைப்பான் என்பார்கள். தங்கை தாலி போகவேண்டும் என்று எந்த அண்ணனும் நினைக்கமாட்டானே!

அன்பர் கடலைக் காப்பாற்ற விரும்புகிறார், சந்தேகமில்லை. ஆனால் கயிற்றை இத்தனை தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தவனைப் படகிலிருந்து இறக்கிவிட்டு, டிக்கெட் வாங்கி வந்த என் கையில் அதைக் கொடுக்கச் சொல்கிறார். எனக்கு அந்தக் கடலில் நாலு நாள்தான் வேலை. ஐந்தாம் நாள் எனக்கு விமானம் இருந்தது.